புள்ளி இல்லாத வேலைகள்

ஆகஸ்ட் 5, திங்கள்

மீட்டர் வந்துவிட்டது. அதற்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் வாயில் நுழையாதது. ஆட்டோவுக்கு மீட்டர் வைத்தது போல நமக்கும் வைத்துவிட்டார்கள் என்று இர்ஷாத் ஏதோ சொன்னானாம், மதியத்துக்குள் எல்லாருக்கும் அது மீட்டர் ஆகிவிட்டது. அவன் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் வேறு கவனத்தில் இருந்தேன். பிறகு பெனடிக்ட் குழுவின் அரட்டையில் எழுதியதைப் படித்துத்தான் சிரித்தேன்.

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் எதையும் விளக்காமல் எழுதினால் எனக்கு ஆகாது. நாங்கள் ஐந்து பேர். நெதர்லாந்தில் உள்ள ஒரு கிடங்கு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்கிறோம். இரண்டு வாரம் ஒரு ஸ்பிரிண்ட். வேலையைச் சின்னச் சின்ன கார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் கஷ்டத்தைப் பொறுத்துப் புள்ளி போடுவோம். குழுவின் லீட் நான்தான், ஆனாலும் கார்டு எடுத்து வேலை செய்வேன். மேற்பார்வை மட்டும் பார்க்கும் லீட்கள் கல்யாண மண்டப வாசலில் வைக்கும் பேனர் மாதிரி.

மீட்டர் செய்வது இதுதான்: யார் எந்த கார்டை எடுத்தார்கள், எத்தனை நாளில் முடித்தார்கள், எத்தனை முறை திரும்பி வந்தது, கூட்டங்களில் எத்தனை நிமிடம் போனது, எல்லாவற்றையும் எண்ணி ஆளுக்கொரு கோடு வரைந்து காட்டுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. நாற்பத்தேழு வயதில் நான் கண்டது, மனிதர்கள் பாதி பேச்சை வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். எண்கள் அப்படிச் செய்வதில்லை.

சாதம் அடிப்பிடித்துவிட்டது. ஆறு விசில் வந்தது என்கிறார் அருணகிரி. மூன்றுதான் வந்தது. கட்டிய கணவரோடு விசில் எண்ணிக்கைக்குச் சண்டை போடக் கூடாது என்று நாளையிலிருந்து போனில் நேரம் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சரவணம்பட்டியிலிருந்து கணபதி வரை ஸ்கூட்டர் இண்டிகேட்டர் எரிந்துகொண்டே வந்திருக்கிறது. போலீஸ்காரர் நிறுத்திக் காட்டினார். பழைய வண்டிகளில் டிக் டிக் என்று சத்தம் வரும், இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதல் அறிக்கை. சென்ற ஸ்பிரிண்டில் பெனடிக்ட் 21, இர்ஷாத் 19, சுபாஷிணி 18, நான் 16, மோகனப்பிரியா 9.

மதியம் ஜெயந்த் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் கிளையின் டைரக்டர், என்னைவிட ஆறு வயது சின்னவர். நேர் எதிரே உட்கார்ந்து தெளிவாகப் பேசுவார். அக்டோபரிலிருந்து வாடிக்கையாளர் நான்கு பேருக்குத்தான் இடம் தருகிறாராம். ஒருவரை விடுவிக்க வேண்டும். விடுவிக்கப்பட்டவர் பெஞ்சுக்குப் போவார். அறுபது நாளில் வேறு குழு எடுத்துக்கொள்ளாவிட்டால் வேலை போய்விடும். செப்டம்பர் 13க்குள் ஒரு பெயரும் அதற்கான எண்களும் அவருக்கு வேண்டும். உணர்ச்சி வேண்டாம், டேட்டா போதும் என்றார். எனக்கும் அதுதான் முறை என்று பட்டது.

மோகனப்பிரியா கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயது. சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா இல்லை, அவள் வேலையை நம்பித்தான் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். புத்திசாலி. குறை என்று பார்த்தால் குரல். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவது போலத்தான் என்னிடம் பேசுவாள். அலுவலகத்தில் மெதுவாகப் பேச வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் மாத மதிப்பீட்டிலும் "குரலின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்று எழுதினேன். படித்துவிட்டு "சரிங்க மேடம்" என்றாள், அதையும் கத்தித்தான் சொன்னாள். மேஜையில் எப்போதும் தொண்டை மாத்திரையும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் இருக்கும். இப்படிப் பேசினால் தொண்டை என்ன ஆகும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மீட்டர் இன்று எங்கள் குழுவின் வீண் நேரங்களைப் பட்டியலிட்டது. மொத்தம் மூன்று.

காலையில் நின்றபடி பேசும் பத்து நிமிடக் கூட்டத்துக்கு முன், ஒவ்வொருவரும் தான் சொல்லப்போவதை வெள்ளைப் பலகையில் மூன்று வரி எழுதுவது. புள்ளி போடும்போது வாயால் சொல்லாமல் விரலைக் காட்டுவது. தினமும் இரண்டரை மணிக்கு வாடிக்கையாளரோடு நடக்கும் அழைப்பு முடிந்ததும் பத்து நிமிடத்துக்குள் பேசியது முழுவதையும் குறிப்பாக எழுதிப் போடுவது.

மூன்றுமே என் முறைகள். சென்ற நவம்பரில் சென்னையில் நடந்த நிறுவனக் கூட்டத்தில் இவற்றை வைத்து இருபது நிமிடம் பேசி ஒரு கண்ணாடிக் கேடயம் வாங்கியிருக்கிறேன். பேச்சுக்கு "எழுது, காட்டு, பேசு" என்று தலைப்பு வைத்தேன். எதை யார் ஆரம்பித்தார்கள் என்று சரியாக நினைவில்லை. ஒழுங்குபடுத்திப் பெயர் வைத்தது நான்.

கோபம் வந்தது. ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். அழைப்பு நேரத்தையும் சேர்த்தால், குறிப்பு எழுத மட்டும் ஒரு ஆளுக்குத் தினமும் ஒன்றேகால் மணி நேரம் போகிறது. எழுதுவது மோகனப்பிரியா. குறிப்புக்குப் புள்ளி கிடையாது, ஏனென்றால் வாடிக்கையாளர் கையில் போய்ச் சேராத எதற்கும் புள்ளி கிடையாது என்று விதி வைத்ததும் நான்தான். அவளுடைய 9க்குக் காரணம் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. துவரம்பருப்பு காயவைத்தேன். அலமாரி துடைத்தேன். டிவி சத்தத்தை நான் கூட்ட, அருணகிரி குறைக்க, மறுபடி நான் கூட்ட, கடைசியில் அவர் எழுந்து வந்து ஒரு தடவை டாக்டரிடம் காட்டினால் என்ன என்றார். நீங்கள் வாயைத் திறந்து பேசினால் போதும் என்றேன்.

அப்பா ஓய்வு பெறுவதற்கு முந்தைய பத்து வருடம் காதில் மெஷின் வைத்திருந்தார். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர். பையன்கள் எழுந்து நின்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சந்தேகம் கேட்பார்கள். அவர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மெஷினைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அதே பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருந்தால் ஆபீஸில் தெரியாமல் இருக்குமா. அங்கே எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அறிவித்துவிட்டேன். திங்கட்கிழமை தொடங்கும் ஸ்பிரிண்டில் பலகை இல்லை, விரல் இல்லை, குறிப்பு இல்லை. புள்ளியைப் பேசி முடிவு செய்து மீட்டரிலேயே போடலாம். இரண்டு வாரம் பார்ப்போம் என்றேன்.

பெனடிக்ட் எங்கள் குழுவில் மூத்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவர் குறிப்பு மட்டுமாவது இருக்கட்டுமே என்றார். ஏன் என்று கேட்டேன். மோகனப்பிரியாவைப் பார்த்தார்.

"பாயிண்ட் எனக்கு வேண்டாமுங்க மேடம். நோட்ஸ் மட்டும் எழுதிக்கறேனுங்க" என்றாள், வழக்கமான சத்தத்தில்.

உனக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று அவளிடம் சொல்ல முடியாது. ஒருவரை விடுவிக்கும் விஷயம் ஜெயந்துக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. குறிப்புப் பாரம் போன பிறகும் அவள் எண் ஏறாவிட்டால் அவள் பெயரைக் கொடுப்பதில் தவறு இல்லை. ஏறினால் வேறு பெயரைப் பார்க்கலாம். இதைவிட நியாயமாக எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலைக் கூட்டம் ஆறே நிமிடத்தில் முடிந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பது மொத்தத்தில் புரிந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

அழைப்பில் லைன் சரியில்லை. வில்லம் அந்தப் பக்கத்துத் தலைவர். எப்போதும் மெல்லப் பேசுகிறவர்தான், இன்று அவர் தாடி அசைவது மட்டும் தெரிந்தது. புது ஹெட்செட் கேட்டு எழுதிப் போட்டேன்.

கேஸ் சிலிண்டர்க்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். நான் கூடத்தில்தான் இருந்தேன். மணி அடித்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நான் முடித்த ஒரு கார்டு திரும்பி வந்தது. வாடிக்கையாளர் கேட்டது வேறாம். புதன்கிழமை அழைப்பிலேயே சொன்னார் என்கிறாள் சுபாஷிணி.

மதியம் அழைப்பு முடிந்து இருக்கைக்கு வந்தால் என் கீபோர்டின் மேல் ஒரு மஞ்சள் காகிதம். மோகனப்பிரியாவின் கையெழுத்து. அன்றைய பேச்சு முழுவதும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. கூப்பிட்டு, ஒரு சோதனை நடக்கும்போது இப்படி இடையில் புகுந்தால் எண்கள் கெட்டுவிடும் என்று விளக்கிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திட்டு வாங்கிய முகம் போல இல்லை. கவலைப்படுகிற முகம். எதற்குக் கவலை என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

புது ஹெட்செட் வந்தது. அதுவும் சரியில்லை. சிஸ்டம் சப்போர்ட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். காதில் வைத்த வேகத்தில் கழற்றி எடுத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். கழற்றிய வேகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஸ்பிரிண்ட் முடிந்தது. பெனடிக்ட் 25, மோகனப்பிரியா 23, இர்ஷாத் 22, சுபாஷிணி 21.

நான் 4.

நான்கு கோடுகள் மேலே போகின்றன, ஒன்று கீழே போகிறது. என் மூன்று கார்டுகள் திரும்பி வந்திருக்கின்றன. மீட்டர் என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கிறது. இந்த இரண்டு வாரமும் யார் பெயரைக் கொடுப்பது என்ற யோசனையில் என் கவனம் சிதறியது உண்மை. லைனும் மோசம். அடுத்த ஸ்பிரிண்டில் சரியாகும்.

செப்டம்பர் 2, திங்கள்

மாதாந்திர மீளாய்வு அழைப்பு. அந்தப் பக்கம் ஏழு பேர். கடைசியில் வில்லம் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். நீளமான கேள்வி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "யெஸ், ஷ்யூர்" என்றேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இந்த வேலையில் இருபத்து மூன்று வருடம் இருந்தால் எந்தக் கேள்விக்கு யெஸ் சொல்ல வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். நல்லபடியாக முடிந்தது.

பெனடிக்ட் மட்டும் ஏனோ கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நல்லபடியாக முடியவில்லை. வில்லத்திடமிருந்து நன்றி சொல்லி மின்னஞ்சல். 23ஆம் தேதி தர வேண்டிய வெளியீட்டை 9ஆம் தேதியே தர நான் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நான் எதற்கு யெஸ் சொன்னேன் என்று எனக்கே இன்று காலை படித்துத்தான் தெரிந்தது.

குழுவிடம் சொன்னேன். சனிக்கிழமை வர வேண்டியிருக்கும், அன்று விநாயகர் சதுர்த்தி. ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மோகனப்பிரியா எழுந்து போய்ப் பலகையைத் துடைத்து, வேலைகளைப் பிரித்து எழுத ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

ஐந்து பேரும் காலை எட்டு மணிக்கு வந்தோம். தளம் முழுக்கக் காலி. மோகனப்பிரியா விடுதியில் செய்த கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தாள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். பெனடிக்ட் என்னைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். மார்க்கரை எடுத்துப் பலகையில் எழுதினார்.

"மேடம், உங்களுக்குக் காது சரியா கேக்கறதில்லைங்க. எங்களுக்கு ரெண்டு வருஷமா தெரியும்."

எழுதிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். "நாங்க நாலு பேரு மட்டும்" என்று எழுதினார். பிறகு நான் கேட்காமலே வரிசையாக எழுதிக்கொண்டு போனார். பலகையில் மூன்று வரி எழுதுவது இர்ஷாத் ஆரம்பித்தது. விரல் காட்டுவது பெனடிக்ட்டின் யோசனை. குறிப்பு மோகனப்பிரியா. அழைப்பின்போது அவள் எப்போதும் என் இடது பக்கம் உட்காருவது கூட, அந்தக் காது பரவாயில்லை என்று அவள் கண்டுபிடித்ததால்தான்.

இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இதற்கு மட்டும் மார்க்கரை வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக நின்று வாயால் சொன்னார்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தோமுங்க. நீங்க அதுக்குப் பேரு வெச்சு, கேடயமும் வாங்கிட்டு வந்தீங்க. அப்புறம் எப்படிங்க சொல்றது?"

பலகையை அழித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. வேறு சொல் இருக்கிறதா என்று வீடு வரும் வரை தேடினேன், இல்லை.

வெளியீடு மாலை ஐந்துக்குத் தயாராகிவிட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பெனடிக்ட் சொன்னது தவறு என்று நிரூபிக்க வீட்டிலிருந்தே மீட்டரைத் திறந்தேன். அது பழைய பதிவுகளையும் உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. குறிப்புகள் மொத்தம் நானூற்று முப்பத்தொன்று. ஒவ்வொரு குறிப்பையும் யார் யார் திறந்து படித்தார்கள் என்ற கணக்கும் இருந்தது. பெனடிக்ட் ஒன்றுகூடப் படிக்கவில்லை. இர்ஷாத் இல்லை, சுபாஷிணி இல்லை. அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நானூற்று முப்பத்தொன்றையும் திறந்து படித்தவர் ஒரே ஒருவர்.

சிலவற்றை மறுபடி படித்தேன். இவ்வளவு நாள் எனக்கு எப்படிக் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை. "இங்கே வில்லம் உங்களிடம் பக்கங்கள் திறக்கும் நேரம் பற்றிக் கேட்டார். நாளை பதில் தருவீர்கள் என்று நான் சொல்லிவிட்டேன்." வாரத்துக்கு இரண்டு மூன்று இப்படி. நானும் மறுநாள் பதில் தந்திருக்கிறேன், அவர் நேற்றுக் கேட்டாரே என்று.

அருணகிரியிடம் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். டிவியை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்து, எப்போது போகலாம் என்று கேட்டார். கேட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

காந்திபுரத்தில் காது டாக்டர். ஒரு சின்ன அறையில் அடைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பித்தானை அமுக்கச் சொன்னார்கள். நீண்ட நேரம் எந்தச் சத்தமும் வரவில்லை, மெஷின் பழுது என்று நினைத்தேன். வெளியே வந்ததும் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இரண்டு கோடுகள், இரண்டும் வலது பக்கமாகச் சரிகின்றன. வலது காது மோசம், இடது கொஞ்சம் தேவலை. இது ஐந்தாறு வருடமாக இருந்திருக்கும், எப்படி வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். என் குழு நல்ல குழு என்றேன்.

இரண்டு காதுக்கும் மெஷின். 26ஆம் தேதி கிடைக்கும்.

செப்டம்பர் 12, வியாழன்

நாளை பெயர் கொடுக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். சோதனை ஸ்பிரிண்டில் மோகனப்பிரியா 23. ஆனால் ஜெயந்த் ஆறு மாதச் சராசரியைத்தான் பார்ப்பார், அதில் அவள் எண் 9க்கு மேல் ஏறாது. ஒன்றும் செய்யாமல் விட்டால் மீட்டரே அவள் பெயரைக் கொடுத்துவிடும். நான் கையெழுத்துப் போட்டால் போதும். காது விஷயம் நாங்கள் ஐந்து பேரோடு போய்விடும். அவர்கள் சொல்ல மாட்டார்கள். இரண்டு வருடம் சொல்லாதவர்கள்.

இதை ஒரு அரை மணி நேரம் யோசித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு விதியை மாற்றினேன். குறிப்பு ஒன்றுக்கு இரண்டு புள்ளி. ஒரு ஸ்பிரிண்டுக்குப் பத்து அழைப்பு, இருபது புள்ளி. மீட்டர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு எல்லாக் கோடுகளையும் மறுபடி வரைந்தது. மோகனப்பிரியா 29, குழுவில் முதல். எனக்குக் குறிப்பு இருந்தால் 16, இல்லாவிட்டால் 4. நடுவில் இருக்கும் பன்னிரண்டு என்னுடையது இல்லை. அதைக் கழித்தேன்.

பட்டியலின் அடியில் இருப்பவர் யார் என்று இப்போது யாருக்கும் சந்தேகம் வராது.

செப்டம்பர் 13, வெள்ளி

என் பெயரைக் கொடுத்தேன். இரண்டு பக்க விளக்கமும் காது வரைபடமும் சேர்த்து.

பத்தே நிமிடத்தில் ஜெயந்த் கூப்பிட்டார். லீட்டைப் பட்டியலில் சேர்ப்பது வழக்கமில்லை, இதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன், வேறு பெயர் எழுதுங்கள் என்றார். ஐந்து பேரில் ஒருவர் என்றுதானே சொன்னீர்கள், டேட்டா போதும் என்றும் நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, முகவாயில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். விரல்கள் உதட்டை மறைத்தன. வழக்கமாக இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து யாரிடமாவது தெரிந்துகொள்வேன்.

"கையை எடுத்துட்டுச் சொல்லுங்க ஜெயந்த். எனக்குக் காது கேக்கறதில்ல."

இப்படி ஒருவரிடம் சொன்னது இதுவே முதல் தடவை. அவர் கையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தார். பெஞ்சுக்குப் போனால் இந்த வயதில் யாரும் எடுப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள், வத்சலா, என்றுதான் சொல்லியிருக்கிறார். யோசித்துவிட்டேன் என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

முடிவாகிவிட்டது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து நான் பெஞ்ச். பெனடிக்ட் லீட். நான்கு பேரும் இருக்கிறார்கள். மூன்றாம் தளத்தில் சோதனைப் பிரிவில் ஒரு இடம் வரலாம் என்கிறார்கள், அங்கே அழைப்புகள் குறைவு. வராமலும் போகலாம். அறுபது நாள் இருக்கிறது.

குழுவில் சொன்னபோது மோகனப்பிரியா என் எதிரே வந்து நின்று, "எதுக்குங்க மேடம் இப்படிப் பண்ணுனீங்க" என்றாள். தளம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மீட்டர் சொல்லிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

மெஷின் மாட்டியாகிவிட்டது. ஃபிரிட்ஜ் ஒரேயடியாக முனகிக்கொண்டே இருக்கிறது, இத்தனை வருடம் அருணகிரி எப்படிப் பொறுத்தார் என்று தெரியவில்லை. என் செருப்பு சரக் சரக் என்கிறது. அருணகிரி முணுமுணுக்கவில்லை. நல்ல கணீர்க் குரல், கல்யாணத்தின்போது இருந்த அதே குரல். சொன்னேன். அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஸ்கூட்டர் இண்டிகேட்டர் டிக் டிக் என்கிறது. எடுத்துவிடவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

குழுவோடு கடைசி நாள், திங்கட்கிழமை விடுப்பு. முடியை முன்னால் இழுத்துவிட்டுக் காதை மறைத்துக்கொண்டு போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சீக்கிரமே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஒரு பெண் வந்து, எங்கள் வரிசையின் கடைசியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல். பக்கத்துக் குழுவில் யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "மாத்திரை போட்டியாம்மா, சாப்டுட்டுப் போடு" என்று கேட்டது. இவ்வளவு மெதுவாகப் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று கூடத் தோன்றியது.

அவள் திரும்பினாள். மோகனப்பிரியா.

காலை முழுக்க என் வேலையை விட்டுவிட்டு அவளையே கவனித்தேன். இர்ஷாத்திடம் ஏதோ சொன்னாள். அவனுக்கே கேட்கவில்லை. "என்ன" என்று குனிந்தான், மறுபடி சொன்னாள், அப்போதும் அதே மெல்லிய குரல்தான். சுபாஷிணியிடமும் அப்படித்தான், கேண்டீனில் டீ கேட்கும்போதும் அப்படித்தான். பிறவியிலேயே சத்தம் இல்லாத பெண்.

என்னிடம் பேச வரும்போது மட்டும் நாற்காலியைச் சுற்றி இடது பக்கம் வந்து நிற்கிறாள். ஒரு முறை மூச்சை இழுத்துக்கொள்கிறாள். பிறகு கத்துகிறாள். பேசி முடித்துவிட்டு இருக்கைக்குப் போய் ஒரு தொண்டை மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறாள். இன்று அப்படி ஏழு முறை. எண்ணினேன்.

ஏப்ரல் மதிப்பீட்டைத் திறந்து பார்த்தேன். அந்த வரியை அழிக்க முடியவில்லை. முடிந்த மதிப்பீடுகளைத் திருத்த முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள்.

ஐந்தரைக்குப் பையை எடுத்தேன். அவள் எழுந்து வந்தாள். இடது பக்கம் நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"போயிட்டு வாங்க மேடம். உங்களுக்கு மூணாவது மாடியிலேயே இடம் கிடைச்சுருமுங்க."

மெஷின் வழியாக அது மண்டைக்குள் இடித்தது. பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்கிறது, மெதுவாகவே பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவள் பயந்துபோய் இன்னும் சத்தமாக, "என்னாச்சுங்க மேடம்" என்றாள்.

மெஷினில் சத்தத்தைக் குறைக்க ஒரு சின்னப் பித்தான் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.